பின்சக்கரத்துக்கு மாறிய நடுக்கம்

எங்கள் வேன்காரர் யார் யாரோடு கோபம் என்பது தெரிந்தால்தான் சாய்ந்தமருதிலிருந்து பொத்துவிலுக்குப் போகும் பயணத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியும். வீதி ஒன்றுதான். கடலோரமாகத் தெற்கே போகிறது. ஆனால் அந்த வீதியில் எங்கே நிற்பது, எங்கே நிற்காமல் போவது என்பதை அவருடைய கோபங்கள்தான் தீர்மானித்தன. வழியில் வரும் முதல் டீசல் ஷெட்டில் எண்ணெய் அடிக்க மாட்டார். அங்கே நின்ற ஒருவர் "பின்னால எடு" என்று விரலால் காட்டிவிட்டாராம். அக்கரைப்பற்றில் எல்லாரும் இறங்கித் தேநீர் குடிக்கும் கடையில் இவர் "ரொட்டி ஆறிக் கெடக்கு" என்று சொன்னதற்கு முதலாளி சிரித்தாராம். அன்றிலிருந்து ஐந்து டீச்சர்மார் வெறும் வயிற்றோடு அந்தக் கடையைத் தாண்டிப் போனோம்.

பொத்துவிலில் எங்கள் பாடசாலை வாசலில்கூட வேன் நிற்காது. வாசலை மறித்து வாகனம் நிறுத்த வேண்டாம் என்று அதிபர் ஒருநாள் சொன்னார். அதற்குப் பிறகு வேன்காரர் எங்களைச் சந்தியில்தான் இறக்கிவிட்டார். மாரி மழையில் கொப்பிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நாங்கள் நடந்து போவோம். அவர் கண்ணாடியை இறக்கி, "டீச்சர், ஒங்களோட எனக்கு ஒரு கோவமும் இல்ல" என்பார். அவர் கோபப்பட்டது அதிபரோடு; நனைந்தது நாங்கள்.

"அவன்ட வாசல் மிதிக்க மாட்டன்." இதுதான் அவர் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை. இதைச் சொல்லும்போது குரல் உயராது. பள்ளிவாசலில் ஏதோ அறிவிப்பதைப் போல நிதானமாகச் சொல்வார். சொன்னால் சொன்னதுதான். வெள்ளிக்கிழமைகளில் தன் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியை விட்டுவிட்டு வெகுதூரம் தள்ளியிருந்த இன்னொரு பள்ளிக்கு ஜும்ஆத் தொழப் போவார். பக்கத்துப் பள்ளியில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. யாராவது செருப்பை நகர்த்தி வைத்திருப்பார்கள்.

ஊரில் இதற்கு ரோசம் என்று பெயர். ரோசக்காரன் என்றால் எங்கள் பக்கத்தில் அது பாராட்டு. மாப்பிள்ளை பேசும்போது, "பொடியன் உழைப்பாளி, ரோசமுள்ளவன்" என்று இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். அவரைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள், இன்னும் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரிகிறது.

நல்லவரா என்று கேட்டால், நல்லவர்தான். அதுதான் எரிச்சலைக் கூட்டுகிறது. கெட்டவனாக இருந்திருந்தால் என்றைக்கோ வேனை மாற்றியிருப்போம். ஒரு வெள்ளத்தில், நிந்தவூர்ப் பக்கம் வீதி தெரியாமல் தண்ணீர் நின்றபோது, சாரனை முழங்காலுக்கு மேல் சண்டிக்கட்டுக் கட்டிக்கொண்டு இறங்கினார். கம்பு ஒன்றால் முன்னால் தட்டித் தட்டி நடந்து, ஆழம் பார்த்து வந்து, பிறகு ஆமை வேகத்தில் எங்களைக் கரை சேர்த்தார். அயலில் யாருக்காவது பிள்ளைப்பேற்று வலி என்றால் அவருடைய வேன்தான் ஓடும். டீசலுக்குக்கூடக் கை நீட்ட மாட்டார். என் வாப்பா நெஞ்சுவலி என்று துடித்த நாளில் அவரைக் கைத்தாங்கலாக வேனில் ஏற்றியதும், ஆசுபத்திரி வாங்கில் விடியும்வரை உட்கார்ந்திருந்ததும் இவர்தான். இதை நான் மறக்கவில்லை. என்னுடைய கோபமும் அதையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் வருகிறது.

அவருடைய எல்லாக் கோபங்களுக்கும் தாய்க்கோபம் ஒன்று இருந்தது. அது அவர் தங்கையின் வீட்டு வாசல். அந்த வீடு என் வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளி.

எங்கள் ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்துதான் குடியிருப்பார். வாப்பாவால் முடியாவிட்டால் அந்த வீட்டைக் கட்டுவது அண்ணன்மார் கடமை. இவருடைய வாப்பா கரைவலைத் தொழிலாளி. கடல் கொடுத்ததை வைத்து ஒரு அத்திவாரம்தான் போட முடிந்தது. இவர் கட்டாருக்குப் போய், வெயிலில் லொறி ஓட்டி, அந்த அத்திவாரத்தின் மேல் கல் வைத்தார். தன் கலியாணத்தைத் தள்ளிப்போட்டார். தங்கைக்கு வீடு எழும்பி, ஓடு போட்டு, தரைக்கு மாபிள் பதித்து, மாப்பிள்ளையும் வந்தார். மாப்பிள்ளை கெட்டிக்காரர். வீட்டின் முன்வளவில் ஒரு கொட்டகை போட்டு டயர் கடை வைத்தார். பிறகு வீல் பேலன்ஸ் பண்ணும் கொம்பியூட்டர் மெசின் ஒன்றையும் கொண்டுவந்து இறக்கினார்.

கட்டாரிலிருந்து திரும்பிய பிறகு இவர் தங்கை வீட்டுக்கு முன்போலவே குசினிப் பக்கத்தால், குரல் கொடுக்காமல் போவார். கையில் மீன் பை இருக்கும். ஒருநாள் அப்படிப் போனபோது குசினியில் அந்த மாப்பிள்ளையின், அதாவது இவருடைய மச்சானின், சொந்தக்காரப் பெண்கள் முக்காடில்லாமல் இருந்திருக்கிறார்கள். மச்சான் வெளியில் வந்து மெதுவாகத்தான் சொன்னாராம்: "மச்சான், இனி எங்கட வீட்ட வாறண்டா போன்ல ஒரு கோல் எடுத்துட்டு வாங்க."

எங்கட வீடு. அந்தச் சொல்லோடு முடிந்தது. இவர் மீன் பையை மதிலில் வைத்துவிட்டு வந்துவிட்டார். தங்கை கேற்றடி வரைக்கும் ஓடிவந்து கூப்பிட்டாள். நான் என் வாசலில் நின்று பார்த்தேன். இவர் திரும்பவில்லை.

அந்த வலி எனக்குப் புரியாமலில்லை. வயதெல்லாம் கொடுத்துக் கட்டிய வீட்டில், வருமுன் சொல்லிவிட்டு வா என்றால் யாருக்கும் சுடும். சுட்டது என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். மச்சானைச் சட்டையில் பிடித்து இரண்டு பேச்சுப் பேசியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. வாசல் மிதிக்க மாட்டன் என்று ஒரு பூட்டைப் போட்டுவிட்டு, ஊர் தந்த ரோசக்காரப் பட்டத்தைச் சால்வையாகப் போட்டுக்கொண்டார். தங்கையோடு மட்டும் ஒரு ரகசியத் தொடர்பு இருந்தது. பெருநாளைக்கு அவள் வட்டிலப்பம் செய்து ஒரு டிபன் பெட்டியில் போட்டு என்னிடம் தருவாள். நான் வேனில் கொண்டுபோய்க் கொடுப்பேன். யார் தந்தது என்று அவர் கேட்கவும் மாட்டார், நான் சொல்லவும் மாட்டேன். பெட்டி கழுவித் திரும்பி வரும். வெறும் பெட்டியாக வராது. மருமக்களுக்கு டொபி நிரம்பியிருக்கும்.

அந்த வருடம்தான் வேன் நடுங்கத் தொடங்கியது.

ஊர்களுக்குள் மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. திருக்கோவில் தாண்டி, வீடுகள் குறைந்து, வீதி வெளித்ததும் அவர் வேகம் எடுப்பார். அப்போது ஸ்டியரிங் அவர் கையில் உதறும். டாஷ்போர்டில் ஒட்டியிருந்த, பயணத் துஆ எழுதிய மட்டை படபடக்கும். என் தண்ணீர்ப் போத்தல் மூடி தானாகக் கிறுகிச் சுழலும். பயிற்சிக் கொப்பி திருத்தினால் சரி போட்ட இடமெல்லாம் பிழை போட்டதுபோல் கோடு இழுபடும்.

நான் விஞ்ஞானம் படிப்பிப்பவள். சக்கரம் நடுங்குவதில் மாயம் ஏதுமில்லை. சுற்றும் சக்கரத்தில் ஓரிடம் மட்டும் கனமாக இருந்தால், வேகம் கூடக் கூட அந்தக் கனம் சக்கரத்தை இழுத்தடிக்கும். எதிர்ப்பக்கத்தில் அளவான ஈயத்துண்டு ஒன்றை ரிம்மில் பொருத்தினால் அடங்கும். எவ்வளவு ஈயம், எந்த இடத்தில், ரிம்மின் உள்விளிம்பிலா வெளிவிளிம்பிலா என்று சொல்லத்தான் மெசின் இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி அதில் மாட்டிச் சுற்றவிட்டால் சொல்லிவிடும். அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நாங்கள் காக்கா என்று கூப்பிடும் அந்த மனிதருக்கு இதை நான் விளக்கிச் சொன்னேன்.

"ஓம் டீச்சர், வெளங்குது. மெசினுக்கு எங்க போற?"

ஊரில் இருந்தது மச்சானின் மெசின். அது தங்கை வீட்டு வளவில். அக்கரைப்பற்றில் ஒரு கடை இருந்தது. அங்கே போனபோது கடைக்காரர் வேனின் டயரைக் காலால் தட்டிப் பார்த்தாராம். "காலால தட்டுறான் டீச்சர், என்ட வண்டிய" என்று சொல்லிவிட்டு அந்த வாசலையும் பூட்டிவிட்டார். அம்பாறைக்குப் போகலாமே என்றேன். "அம்பாறைக்குப் போய்ட்டு வந்தா அர நாள் போயிரும். அர நாளுக்கு எங்க போற?" என்றார்.

ஆக, மெசின் என்ற வழி அடைபட்டது. காரணம் சக்கரத்திலில்லை. அதற்குப் பதிலாக அவர் கண்டுபிடித்த வைத்தியம் வலை ஈயம்.

வாப்பாவின் பழைய கரைவலையிலிருந்து கழற்றிய ஈயக் குண்டுகள் ஒரு கோர்வையாக அவர் வீட்டில் கிடந்தன. அவற்றை அம்மியில் வைத்துத் தட்டித் தட்டையாக்கினார். வேனை ஜெக்கில் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார். கனமான பக்கம் கீழே வந்து நின்றது. மேல்பக்கத்தில் ஈயத்தை வைத்து, மீன்பிடி பைபர் போட்டின் ஓட்டை அடைக்கும் பசையால் ஒட்டினார். சக்கரம் எந்த இடத்தில் விட்டாலும் அசையாமல் நிற்கும்வரை ஒட்டிக்கொண்டே போனார். மறுநாள் காலையில் எங்களை இறக்கி நிறுத்தி, ரிம்மைக் காட்டினார். வெள்ளைப் பசையும் கறுத்த ஈயமுமாக அது சிரங்கு பிடித்த கால் மாதிரி இருந்தது.

"மெசின் என்னத்துக்கு டீச்சர்? எங்கட வாப்பாட ஈயம், எங்கட கை."

"காக்கா, கையால சுத்தினா மேலுங்கீழும் உள்ள கனந்தான் தெரியும். பக்கத்துக்குப் பக்கம் ஆடுறது நிண்ட எடத்துல தெரியாது. ஓடேக்குள்ளதான் தெரியும்."

"நீங்க படிச்ச ஆக்கள், ஒங்களுக்குப் பயம் கூட."

ஸிஹானா பின்னால் இருந்து சிரித்தாள். அவள் என் கூட்டாளி. எங்கள் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறாள். காலையில் முதலில் ஏறுபவள் அவள்தான் என்பதால் கடைசி வரிசையில் வலதுபக்க ஜன்னலோரம் அவளுக்கு எழுதி வைத்த இடம். அவளுடைய எழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரும்பலகையின் மேல் மூலையில் தொடங்கினாள் என்றால் கோடு போடாமலே நேராக வரும். பரிசளிப்பு விழா, விளையாட்டுப் போட்டி என்று எது வந்தாலும் அதிபர் அவளைத்தான் கூப்பிடுவார். பிள்ளைகள் அவளைப் பார்த்து எழுதப் பழகினார்கள். அவளுக்கு யாரோடும் முகம் சுளிக்கத் தெரியாது. "உடுகா, போகட்டும், நல்ல மனிசன்" என்று என்னைத்தான் அடக்குவாள்.

ஈயம் ஏழு நாள், ஒரு கிழமை, தாங்கியது. பிறகு வெயிலில் பசை விட்டுவிட்டு, தம்பிலுவில் சந்தியில் ஒரு துண்டு கழன்று பறந்தது. ஒரு சைக்கிள்காரர் நூலிழையில் தப்பினார். அடுத்து, லொறிக்காரர் யாரோ சொன்னதைக் கேட்டு டயருக்குள் மணல் போட்டார். பெரிய லொறிகளில் டயருக்குள் சின்ன உருண்டைகள் போடுவார்களாம்; சக்கரம் சுற்றும்போது அவை உருண்டு போய்க் கனமில்லாத பக்கத்தில் நின்று சமன் செய்யுமாம். அது உண்மையாகவே இருக்கட்டும். இவருக்கு அந்த உருண்டை எங்கே கிடைக்கும்? கடற்கரை மணலில் ஈரம் பிடிக்கும் என்று யோசித்து, கல்முனைச் சந்தையடியில் கச்சான் கடலை வறுத்து விற்பவரிடம் போய் அவர் வறுத்து வறுத்துக் கறுப்பாக்கிய மணலை ஒரு பை வாங்கி வந்தார். அன்று வேனுக்குள் கச்சான் வாசம் அடித்தது. நாங்கள் எல்லாரும் சிரித்தோம், நானும்தான். இரண்டு நாளில் வால்வில் மணல் சிக்கி, காற்று இறங்கி, காரைதீவில் நடுவீதியில் நின்றோம். அன்று முதல் பாடத்துக்கு நாங்கள் போய்ச் சேரவில்லை.

நடுக்கம் கூடிக்கொண்டே வந்தது. ஒருநாள் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது ஸ்டியரிங் அவர் கையை உதறித் தள்ளியதை நான் கண்ணால் கண்டேன். சிரிப்பு அன்றோடு போய்விட்டது. ஐந்து பேரும் பேசி வைத்துக்கொண்டு, நான்தான் சொன்னேன்.

"காக்கா, நாளைக்கு மெசின்ல பாக்கணும். இல்லண்டா நாங்க வேற வேன் புடிப்பம்."

அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். பிறகு, "ஒங்களுக்காக வாறன். ஆனா வாசல் மிதிக்க மாட்டன்" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. தங்கை வீட்டுக்கு எதிர்ப்பக்கத்தில், வீதியின் மறுகரையில் வேனை நிறுத்தினார். அங்கேயே ஜெக் வைத்து முன்சக்கரங்கள் இரண்டையும் தானே கழற்றினார். கழற்றி, வீதிக்குக் குறுக்கே உருட்டிவிட்டார். அந்தக் கரையில் நின்று நானும் ஸிஹானாவும் அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சக்கரங்களைப் பிடித்தோம். ஒரு வீதியின் இரு கரைகளில் நின்ற இரண்டு ஆம்பிளைகளும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. தங்கை ஜன்னல் சீலையை விலக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மச்சான் இடதுபக்கச் சக்கரத்தை மெசினில் மாட்டிச் சுற்றி, இரண்டு ஈயம் தட்டி முடித்தார். வலதுபக்கச் சக்கரத்தை மாட்டியதும் அவர் முகம் மாறியது. மெசினை நிறுத்தினார். டயரைக் கையால் மெல்லச் சுற்றி ஓரிடத்தில் சோக்குக் கட்டியால் வட்டம் போட்டார். அந்த இடத்தில் டயர் லேசாகப் புடைத்திருந்தது.

"டீச்சர், இது ஈயத்தால தீர்ற வருத்தமில்ல. டயர்ட உள்கம்பி அறுந்து போச்சி. எந்த மெசின்ல போட்டாலும் சரிவராது. இதுல ஓட வேணாமெண்டு அவர்ட்ட சொல்லுங்க."

நான் வீதியைக் கடந்து போய்ச் சொன்னேன். சொல்லாமலே அவருக்குக் கேட்டிருந்தது.

"டயர் விக்கிறவன் வேற என்ன சொல்லுவான்?"

"புது டயர் தன்ட கணக்குல போட்டுத் தாறாராம், காக்கா. இப்பவே."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மச்சான் உண்மையாகவே அப்படித்தான் சொன்னார். ஆனால் அது இந்த மனிதரின் காதில் என்னவாக விழுந்தது என்பதை முகத்தில் பார்த்தேன். நெற்றி நரம்பு புடைத்தது. "அவன்ட டயர் எனக்கு வேணாம். அடுத்த வெள்ளிக்கெழம நானே புது டயர் போடுவன், இன்ஷா அல்லாஹ்" என்றார்.

பிறகு ஒரு காரியம் செய்தார். சோக் வட்டம் போட்ட அந்த டயரைப் பின்னால் அதே வலதுபக்கம் மாட்டி, பின்னால் இருந்த நல்ல டயரை முன்னால் மாட்டினார்.

திங்கட்கிழமை திருக்கோவில் தாண்டி வேகம் எடுத்ததும், ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க டீச்சர், ஒண்டுமில்ல. பச்சத் தண்ணி மாதிரி போகுது."

அவர் கையில் ஒன்றுமில்லை. உண்மைதான். நடுக்கம் அவர் கையை விட்டுப் போய், எங்கள் சீட்டுக்கு வந்திருந்தது. என் முதுகில் அது தெரிந்தது. சக்கரத்துக்கு நேர்மேலே இருந்த ஸிஹானாவுக்கு முழு உடம்பிலும் தெரிந்திருக்கும். "காக்கா, பின்னால ஆடுது" என்று கத்தினேன். "வெள்ளிக்கெழம மட்டும் பொறுங்க டீச்சர், நான் இரிக்கன்தானே" என்றார். அவர் இருந்தார். முன்னால் இருந்தார்.

தெரிந்துகொண்டு ஏன் ஏறினாய் என்று என்னைச் சிலர் கேட்டார்கள். தவணைப் பரீட்சைக் கிழமை, விடியற்காலையில் வேறு வேன் இல்லை, ஏறினோம். கேள்வியை என்னிடம் கேட்பவர்கள் அவரிடம் ஏன் கேட்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

புதன்கிழமை, கோமாரிக்கு இந்தப் பக்கம், பின்னால் வெடித்தது. வேன் வலப்புறம் இழுபட்டு, வீதியைக் குறுக்கே கடந்து, தண்ணீர் நின்ற வீதியோரக் கானுக்குள் வலதுபக்கமாகச் சாய்ந்தது. நாங்கள் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தோம். நாங்கள் எல்லாரும் கிடந்தது ஸிஹானாவின் மேல். அவளுடைய வலது தோள் ஜன்னலுக்கும் சீட்டுக்கும் நடுவே இருந்தது. அவள் கத்தவில்லை. "கொப்பியெல்லாம் நனையுது" என்று மட்டும் சொன்னாள்.

அவர் வெறுங்கையால் கண்ணாடியை உடைத்து எங்களை ஒவ்வொருவராக இழுத்து எடுத்தார். கை முழுக்க இரத்தம். ஸிஹானாவை அலுங்காமல் தூக்கிக்கொண்டு வீதியில் ஓடி ஒரு லொறியை மறித்தார். "என்ட தங்கச்சி, என்ட தங்கச்சி" என்று அழுதுகொண்டே போனார். அதையும் நான் பார்த்தேன். பார்த்ததைச் சொல்லாமல் விடக்கூடாது.

ஸிஹானா கல்முனை ஆசுபத்திரியில் கிடந்த நாளெல்லாம் அவர் வந்தார். கட்டுப்போட்ட கையில் தோடம்பழப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, கட்டிலின் கால்மாட்டில் நிற்பார். அவள் மாப்பிள்ளை அவர் தோளைத் தட்டி, "கத்ர் காக்கா, அல்லாஹ்ட நாட்டம்" என்றார். பார்க்க வந்தவர்களும் அதையே சொன்னார்கள். வீதி சரியில்லை என்றார்கள். அன்று வெயில் அதிகம் என்றார்கள். டயர் என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. அல்லாஹ்வின் நாட்டத்தை நானும் ஈமான் கொண்டவள்தான். ஆனால் அந்த டயரில் சோக்கால் வட்டம் போட்டிருந்தது. அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே அதைப் பின்னால் மாட்டியது வானத்து மலக்குமார் அல்ல. இதை நான் ஆசுபத்திரி வாட்டிலேயே சொன்னேன். எல்லாரும் என்னை, மையித்து கிடக்கும் சாவு வீட்டில் சிரித்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஸிஹானா இடது கையால் என் கையைப் பிடித்து, "உடுகா" என்றாள்.

மூன்று மாதம் கழித்து அவர் என் வீட்டு வாசலுக்கு வந்தார். புது வேன், வெளிநாட்டுப் பழசுதான், ஆனால் மினுங்கியது. மற்ற டீச்சர்மார் ஓம் என்றுவிட்டார்களாம். ஸிஹானாகூட.

"நீங்களும் வாங்க டீச்சர். ஒங்கட எடம் அப்படியே இரிக்கி. இந்த வண்டி ஒரு சொட்டும் ஆடாது. நாலு சில்லும் மெசின்ல போட்டு எடுத்தது."

எனக்கு ஒரு நிமிடம் நெஞ்சு இளகிவிட்டது. இரண்டு வளவு தள்ளி, மச்சானின் கொட்டகையில் மெசின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எங்க காக்கா போட்டீங்க?"

அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் சொன்னார்: "அம்பாறைக்குப் போய்."

"அர நாள் போயிருக்குமே."

"ஓம், அர நாள் போச்சிது."

அப்படியென்றால் அரை நாள் இருந்திருக்கிறது. எப்போதுமே இருந்திருக்கிறது. என் கூட்டாளியின் தோளெலும்பு நொறுங்குமுன்னும் அந்த அரை நாள் அவரிடம் இருந்தது. கத்த வேண்டும்போல் இருந்தது. என் வாப்பாவைத் தூக்கிய கைகள் அவை. கண்ணாடி கிழித்த தழும்புகள் வெள்ளையாகத் தெரிந்தன.

"நான் பஸ்ஸுல போறன், காக்கா."

"கோவமா டீச்சர்?"

"ஓம். கோவம்."

அவர் தலையாட்டினார். கோபம் அவருக்கு விளங்கும் விஷயம். வேனைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது நான் விடியுமுன் எழும்பி, அக்கரைப்பற்றில் பஸ் மாறி, நின்றுகொண்டே பொத்துவிலுக்குப் போகிறேன். எத்தனையோ நாள் அவருடைய வேன் என் பஸ்ஸை முந்திப் போயிருக்கிறது. போகும்போது ஹோர்ன் அடிப்பார். வேனின் பின்ஜன்னலில் ஸிஹானா கையாட்டுவாள், இடது கையால்.

சென்ற கிழமை ஆசிரியர் அறையில், சேர் என்று நாங்கள் கூப்பிடும் ஆசிரியர் ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "என்ன இருந்தாலும் எங்கட டீச்சர் ரோசக்காரி. ஒருக்கா வேணாமெண்டா வேணாந்தான். அந்த வேன மிதிக்கவே இல்ல." பாராட்டித்தான் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் ஓம் ஓம் என்று சிரித்தார்கள்.

கோப்பையை வைத்துவிட்டு எழுந்தேன்.

"எனக்கு ரோசமில்ல சேர், பயம். ரோசத்தப் பாக்கணுமெண்டா பக்கத்து வகுப்புக்குப் போய்ப் பாருங்க. ஸிஹானா டீச்சர்ட கை தோளுக்கு மேல எழும்புறல்ல. பலகையில மேல்பாதி வெறுமையாக் கெடக்கு. பின்வரிசை வாங்குப் புள்ளையள் எழும்பி நிண்டுதான் வாசிக்குதுகள்."